ஹைடன் 104, பிராம்ஸ் 4: சிம்பொனி ஏன் இப்படிக் குறைந்தது?

கேள்வி: ஜூன் 4, இரவு 9.12

அண்ணே, ஹைடன் 104 சிம்பொனி எழுதியிருக்கிறார். மொஸார்ட் 41. பீத்தோவன் 9. பிராம்ஸ் வெறும் 4. போகப்போகக் குறைந்துகொண்டே வருகிறது. என் கட்சி இதுதான்: ஹைடன் நடத்தியது தொழிற்சாலை. ஒரே அச்சில் வார்த்துத் தள்ளியிருக்கிறார். கலை என்று பேசுவதானால் கணக்கைப் பீத்தோவனிலிருந்து தொடங்கலாம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 4, இரவு 10.50

மறுக்கிறேன். ஆனால் தொழிற்சாலை என்றதில் பாதி உண்மை இருப்பதால் முழுசாக மறுக்க முடியவில்லை.

ஹைடன் சம்பளக்காரர். 1761 மே 1ஆம் தேதி எஸ்டர்ஹாஸி பிரபுவிடம் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தைப் படித்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். சீருடை, வெள்ளைக் காலுறை, தலைக்குப் பவுடர். தினமும் மதியத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை முன்கூடத்தில் போய் நின்று, இன்று இசை உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். எழுதுவதெல்லாம் பிரபுவுக்கு. வெளியாளுக்குப் பிரதி தரக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை 1779இல் புது ஒப்பந்தம் வந்தபோதுதான் போனது. இப்படி வேலை பார்ப்பவர் நாலு வருஷத்துக்கு ஒரு சிம்பொனி கொடுத்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

குழுவும் சின்னது. 1760களில் இருபது பேருக்கும் குறைவு. ஒரு சிம்பொனி இருபது நிமிடம் ஓடினால் அதிகம். விருந்தாளிக்கு நேற்றைய குழம்பைச் சூடு பண்ணிப் போட முடியாது, புதுசு வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான். டிட்டர்ஸ்டார்ஃப் என்பவரும் நூற்றுக்கு மேல் எழுதியிருக்கிறார். அவரை யார் கேட்கிறார்கள்?

ஒரே அச்சு என்றீர்களே, அதுதான் தப்பு. 60ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது வயலின்கள் நின்று சுருதி சேர்த்துக்கொள்ளும். நகைச்சுவைக்காக அப்படியே எழுதிவைத்தது. 47இல் மினுவெட் என்ற நடனப் பகுதியை முதலில் நேராக வாசித்துவிட்டு அப்படியே பின்னாலிருந்து முன்னால் வாசிப்பார்கள். 45இன் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்: 1772 இலையுதிர் காலம், பிரபு கோடை மாளிகையை விட்டுக் கிளம்பும் வழியைக் காணோம், கலைஞர்களின் மனைவிமார் ஐசன்ஸ்டாட்டில் காத்துக்கிடக்கிறார்கள். ஹைடன் முடிவில் ஒரு மெதுவான பகுதியை வைத்தார். ஒவ்வொருவராகத் தன் பங்கை வாசித்துவிட்டு, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் இரண்டு வயலின் மட்டும். பிரபுவுக்குப் புரிந்தது. லீவு கிடைத்தது.

ஜூன் 5, காலை 7.30

எண்ணிக்கையில் ஒரு திருத்தம். 104 என்பது எண் போட்டவை மட்டும். ஏ, பி என்று இன்னும் இரண்டு உண்டு, ஆக 106. மொஸார்ட்டின் 41 ஒரு குத்துமதிப்பு. 3ஆம் எண் அவருடையதே இல்லை. கார்ல் ஃப்ரீட்ரிக் ஆபெல் எழுதியதை லண்டனில் இருந்த சின்னப் பையன் பார்த்துப் பிரதி எடுத்தான், அவன் பேரில் சேர்ந்துவிட்டது. 37ஆம் எண் ஹைடனின் தம்பி மிகாயெலுடையது. மொஸார்ட் தலையில் ஒரு மெதுவான முகப்பு மட்டும் வைத்தார். எண் போடாமல் கிடப்பவை தனி.

ஜூன் 5, இரவு 11.05

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சம்பளம், சீருடை என்று சுற்றிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கடைசிப் பகுதியைப் பாருங்கள். சிம்பொனியின் கதையே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இது ஓபரா தொடங்குமுன் வாசிக்கிற சமாசாரம். நேப்பிள்ஸில் வேகம், மெதுவு, வேகம் என்று மூன்று துண்டு. திரை தூக்குவதற்குள் ஜனங்கள் பேச்சை நிறுத்தி உட்கார வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. 1730களில் மிலானில் சம்மார்த்தினி போன்றவர்கள் ஓபரா இல்லாமலே தனியாக வாசிக்க எழுதினார்கள். அப்புறம் ஜெர்மனியில் மான்ஹைம். அங்கே அரசவைக் குழுவை யோஹான் ஸ்டாமிட்ஸ் கட்டி வளர்த்தார். மெல்ல ஆரம்பித்து மொத்தக் குழுவும் சேர்ந்து ஒலியை ஏற்றிக்கொண்டே போவது அவர்களுடைய அடையாளமாகிவிட்டது. 1772இல் அங்கே போய்க் கேட்ட ஆங்கிலேயர் சார்ல்ஸ் பர்னி, இது தளபதிகளே நிறைந்த படை என்ற பொருளில் எழுதினார். ஸ்டாமிட்ஸ் அதற்கு 15 வருஷம் முன்பே, 1757இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துவிட்டார். மூன்றாவதாக ஒரு மினுவெட் நடனத்தைச் செருகி நாலு பகுதியாக்கும் வழக்கத்தை நிலைப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு.

இதில் கனம் எங்கே? முதல் பகுதியில். இரண்டாவதில் கொஞ்சம் உருக்கம். மூன்றாவது நடனம். நாலாவது சும்மா ஒரு குதியாட்டம், இரண்டு மூன்று நிமிடம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு வரும் துக்கடா மாதிரி. செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கலாம்.

அந்தத் துக்கடா எப்படி நூறு வருஷத்தில் ராகம் தானம் பல்லவி ஆனது என்பதுதான் விஷயம்.

ஜூன் 6, மாலை 6.20

மொஸார்ட்டின் கடிதம் ஒன்று. 1778, பாரிஸ். அந்த ஊரில் சிம்பொனி என்றால் முதல் வில் இழுப்பிலேயே எல்லா வாத்தியமும் ஒன்றாக முழங்க வேண்டும். கடைசிப் பகுதியும் அப்படியே தொடங்க வேண்டும். இவர் கடைசிப் பகுதியை வேண்டுமென்றே இரண்டு வயலின் பிரிவுகளை மட்டும் வைத்து மெல்லத் தொடங்கினார், எட்டு அளவுக்கு (அளவு என்றால் ஒரு தாளச் சுற்று). அவர் எதிர்பார்த்தபடியே சபை "உஷ்" என்றது. உடனே மொத்தக் குழுவும் இறங்கியது. கைதட்டல். இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே! சந்தோஷத்தில் பலே ராயலுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டதாக அப்பாவுக்கு எழுதுகிறார்.

கடிதத் தேதி ஜூலை 3. அன்றுதான் அவருடைய அம்மா அதே பாரிஸில் இறந்துபோனார். அப்பாவுக்கு அந்தச் சேதியை எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினார். இது தெரிந்த பிறகு அந்த ஐஸ்கிரீம் வரியை என்னால் முன்போலச் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை.

ஜூன் 6, மாலை 6.45

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். பத்து வருஷம் கழித்து, 1788 கோடையில், 39, 40, 41 மூன்றையும் சுமார் ஏழு வாரத்துக்குள் முடித்தார். 41இன் கடைசிப் பகுதியில் ஐந்து சின்னச் சின்ன மெட்டுகளைத் தனித்தனியாகக் காட்டிவிட்டு, முடிவில் ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். எதுவும் எதையும் இடிக்காது. துக்கடா எழுதுகிறவர் செய்கிற காரியமா இது? முதன்முதலாகக் கனம் பின்னால் சாய்வது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

ஏழு வாரத்தில் மூன்று என்றால், நிதானமாக எழுதினால்தான் ஆழம் என்ற உங்கள் கட்சியும் அடிபடுகிறது, தம்பி.

ஜூன் 8, இரவு 10.15

பீத்தோவனுக்கு வருமுன் என் கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் 60 நிமிட கேசட் ஒன்றில் ஐந்தாவது சிம்பொனியை எல்பியிலிருந்து பதிவு செய்து கொடுத்தார். ஏ பக்கம் முதல் மூன்று பகுதிகள். பி பக்கம் நாலாவது, மிச்ச இடத்தில் வேறு ஏதோ ஒன்று. பத்தாம் வகுப்பில் தொடங்கி ஏழெட்டு வருஷம் அதைத்தான் கேட்டேன். மூன்றாவது பகுதியின் முடிவில் இசை தேய்ந்து தேய்ந்து, டிம்பனி முரசு மட்டும் விரலால் கதவைத் தட்டுவதுபோல ஒலித்துக்கொண்டிருக்கும். அப்புறம் "டொக்". பட்டன் தானாக மேலே எழும். ஓ, இப்படி முடிக்காமலே முடித்திருக்கிறார், என்ன மனுஷன் என்று வியப்பேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கேசட்டைத் திருப்பிப் போடுவேன். நாலாவது பகுதி தடாலடியாக ஆரம்பிக்கும். கொஞ்சம் ஆரவாரம் அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே இடைவெளியே கிடையாது என்பது சிடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சுமார் ஐம்பது அளவுக்குத் தந்தி வாத்தியங்கள் அசையாமல் நிற்கின்றன. அடியில் டிம்பனி துடிக்கிறது. வயலின் தயங்கித் தயங்கி ஏறுகிறது. கடைசி எட்டு அளவில் ஒலி பொங்கி, மூச்சு விடாமல் சி மேஜர் என்ற வெளிச்சமான சுருதியில் போய் விழுகிறது. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த டிரம்போன்கள், பிக்கோலோ, கான்ட்ராபஸூன் எல்லாம் அந்த நொடியில்தான் சேர்கின்றன. சி மைனர் என்ற இருண்ட சுருதியில் தொடங்கிய மொத்தப் பயணமும் அந்த வாசலுக்காகத்தான். நான் ஏழு வருஷமாக அந்த வாசலில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

சிடியில் முதல் தடவை கேட்ட அன்று நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

சிம்பொனியில் டிரம்போனைக் கொண்டுவந்த முதல் ஆள் பீத்தோவன்தான்.

ஜூன் 9, காலை 8.00

கடைசி வரி தவறு. ஸ்வீடனில் யோவாக்கிம் நிக்கோலஸ் எக்கெர்ட் என்பவர் 1807இலேயே ஒரு சிம்பொனியில் டிரம்போன் வைத்துவிட்டார். பீத்தோவனின் ஐந்தாவது 1808 டிசம்பர் 22 அன்றுதான் அரங்கேறியது. கடுங்குளிரில், நாலு மணி நேரக் கச்சேரி. ஆறாவதும் அதே இரவுதான். நடுவில் ஒரு உருப்படி சிக்கிக்கொண்டு நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. எக்கெர்ட் முந்திக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அவருடைய டிரம்போனுக்காக யாரும் தண்ணீர் குடிக்கப் போனதை நினைத்து வருந்தியதாகத் தெரியவில்லை.

ஜூன் 9, இரவு 11.30

இனி அந்தக் குறைந்துகொண்டே போன கணக்கு.

பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனி, எரோயிக்கா. 1805 ஏப்ரல் 7, வியன்னா. ஏறக்குறைய ஐம்பது நிமிடம், அதாவது ஹைடனின் ஆரம்பகாலச் சிம்பொனிகளைப்போல இரண்டரை மடங்கு. மேல்மாடத்திலிருந்து ஒருவர், இன்னொரு க்ராய்ட்ஸர் காசு தருகிறேன், நிறுத்தித் தொலையுங்கள் என்று கத்தியதாகப் பீத்தோவனின் சீடர் செர்னி சொல்லியிருக்கிறார். முதல் பகுதியில் ஓர் இடத்தில் ஹார்ன், வயலின்கள் இன்னும் வேறு சுருதியில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே மெட்டைத் தொடங்கிவிடும். ஒத்திகையில் பக்கத்தில் நின்ற இன்னொரு சீடர் ரீஸ், ஹார்ன்காரர் தப்பாக நுழைந்துவிட்டார் என்று எரிச்சலில் திட்ட, பீத்தோவனிடம் அறை வாங்கப் பார்த்தார். ஸ்கோரிலேயே, அதாவது எழுதிவைத்த சுரத்தாளிலேயே, அப்படித்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சிம்பொனியும் தனித்தனிப் பிரச்சினையாக மாறிவிட்டால் நூறு எழுத முடியாது. இது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஹைடன் காலத்தில் புதுச் சிம்பொனிக்குப் போட்டி போன மாதத்துச் சிம்பொனி. பீத்தோவன் போன பிறகு என்ன ஆயிற்று? அவருடைய ஒன்பதையும் லைப்ஸிக், பாரிஸ், வியன்னா, லண்டன் என்று திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அச்சில் ஸ்கோர் கிடைத்தது. செத்துப்போனவர்களின் இசை மேடையில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. இனி எழுதுகிறவனுக்குப் போட்டி அவர். யாருக்குத்தான் கை ஓடும்?

ஜூன் 10, மதியம் 1.10

ஒன்பதாவதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் பேசுகிறார்களே. சரி, என் கட்சிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நாலாவது பகுதி தொடங்கியதும் முதல் மூன்று பகுதிகளின் மெட்டுகளும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. செல்லோவும் பேஸும் பேசுவதுபோல இழுத்து ஒவ்வொன்றையும் "இது வேண்டாம்" என்று தள்ளுகின்றன. கடைசிப் பகுதியே நீதிபதியாகிவிட்டது! முன்னால் நடந்ததெல்லாம் சாட்சி.

1824 மே 7 அன்று அரங்கேறியபோது காது கேளாத பீத்தோவனைப் பாடகி கரோலினே உங்கர் சபையின் பக்கம் திருப்பி நிறுத்தினார், கைதட்டுவதை அவர் பார்க்க வேண்டும் என்று. இரண்டாவது பகுதி முடிந்தபோதா, எல்லாம் முடிந்த பிறகா என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. எனக்கு இதில் முக்கியம், பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது அன்று சர்வ சாதாரணம். ஏழாவதின் இரண்டாம் பகுதியை 1813இல் ஒன்ஸ்மோர் கேட்டு மறுபடி வாசிக்கவைத்தார்கள். இப்போது நடுவில் கைதட்டினால் முறைக்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு சொந்த அவமானம் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் 10, இரவு 9.40

ஒன்பதோடு செத்துப்போகும் சாபம் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. பீத்தோவன் 9, த்வோர்ஷாக் 9, ப்ருக்னர் 9, மாலர் 9 என்று பட்டியல். சாபத்துக்குக் கணக்கு தெரியாது போலிருக்கிறது. த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது அவர் இருந்தவரை ஐந்தாவது என்றுதான் அச்சில் இருந்தது. ப்ருக்னருக்கு ஒன்பது போக, அவரே செல்லாது என்று ஒதுக்கிய பூஜ்ஜியமாம் சிம்பொனி ஒன்று, அதற்கும் முந்திய பயிற்சிச் சிம்பொனி ஒன்று. ஆக 11, அதிலும் ஒன்பதாவது முடியவில்லை. பூஜ்ஜியம் என்று ஒரு படைப்புக்கு எண் இருப்பதே எனக்குப் போதும், சாபம் வேண்டாம்.

ஜூன் 12, இரவு 10.30

பீத்தோவனுக்குப் பின் ஆளாளுக்கு ஒரு வழி. வேகமாகப் போகிறேன்.

பெர்லியோஸின் ஃபான்டாஸ்டிக் சிம்பொனி: 1830 டிசம்பர் 5, பாரிஸ். ஐந்து பகுதி, கையில் கதைச் சீட்டு, காதலிக்கு ஒரு மெட்டு. கடைசிப் பகுதியில் அந்த மெட்டு கீச்சுக் கிளாரினெட்டில் சூனியக்காரியாகத் திரும்பி வருகிறது, பின்னால் சாவு மணி. சொந்தக் காதலியை இப்படிப் பண்ணியவரை அந்தப் பெண் பிறகு கல்யாணம் வேறு செய்துகொண்டார். லிஸ்ட் இன்னும் ஒரு படி போய், பகுதிகளே வேண்டாம் என்று ஒற்றைத் துண்டாகச் சிம்பொனிக் கவிதை எழுதினார். ஷூமானின் நாலாவது இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டம். மெண்டல்சோனும் தன் ஸ்காட்டிஷ் சிம்பொனியை நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். நாலு தனித் துண்டு என்ற எண்ணமே கரைந்துகொண்டிருந்தது.

ஷூபர்ட்தான் வயிற்றெரிச்சல். 1822இல் இரண்டு பகுதி எழுதி, மூன்றாவதில் கொஞ்சம் தொட்டு, விட்டுவிட்டார். காரணம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஏட்டுப்பிரதி நண்பர் ஹ்யூட்டன்ப்ரென்னரிடம் கிடந்து, 1865இல்தான் மேடையேறியது. ஷூபர்ட் போய் 37 வருஷம். பெரிய சி மேஜர் சிம்பொனியை அவர் அண்ணன் வீட்டில் ஷூமான் கண்டெடுத்து அனுப்ப, மெண்டல்சோன் 1839 மார்ச் 21 அன்று லைப்ஸிக்கில் நடத்தினார். அண்ணன் வீட்டுப் பரண்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் சுத்தமாக இருந்திருந்தால்!

ஜூன் 12, இரவு 10.52

பரண் என்றது என் கற்பனை. அண்ணன் ஃபெர்டினான்ட் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

ஜூன் 14, இரவு 11.20

பிராம்ஸ். உங்கள் கேள்வியின் மறுமுனை.

சிம்பொனி என்று இருபதுகளில் கை வைத்தவர், முதலாவதை 43ஆம் வயதில்தான் வெளியே விட்டார். 1876 நவம்பர் 4, கார்ல்ஸ்ரூஹே. பின்னால் ஒரு ராட்சதனின் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும்போது எப்படி எழுதுவது என்று நண்பர் லெவியிடம் புலம்பியிருக்கிறார். ராட்சதன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் பயந்தது எந்த இடத்தில் என்று கேளுங்கள். கடைசிப் பகுதியில். அது மெதுவான, இருண்ட முகப்போடு தொடங்குகிறது. தந்திகளை விரலால் தெறித்துத் தெறித்து வேகம் பிடித்து, பதறி, நிற்கிறது. அப்போது ஹார்ன் ஒரு மெட்டை வாசிக்கிறது. 1868இல் க்ளாரா ஷூமானின் பிறந்தநாளுக்கு ஆல்ப்ஸ் மலையிலிருந்து வாழ்த்தாக எழுதி அனுப்பிய மலைக் கொம்பு மெட்டு அது. எட்டு வருஷம் மடியில் வைத்திருந்து இங்கே இறக்குகிறார். அடுத்து டிரம்போன்கள், மூன்று பகுதியும் வாய்மூடி இருந்தவை, மெல்லக் கோயில் பாட்டுப்போல நாலு வரி. பிறகுதான் அந்தப் பெரிய மெட்டு. பீத்தோவனின் ஒன்பதாவது மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொன்னதற்கு, அது எந்தக் கழுதைக்கும் தெரியுமே என்றாராம்.

டிரம்போனைக் கடைசிவரை நிறுத்திவைப்பது எங்கிருந்து வந்தது? என் கேசட்டின் "டொக்" இருக்கும் இடத்திலிருந்து.

நாலாவது சிம்பொனியின் முடிவு இன்னும் அபாரம். பாஹ் எழுதிய கான்டாட்டா என்ற கோயில் இசை ஒன்றிலிருந்து எடுத்து மாற்றிய எட்டு சுரம். அதையே முப்பது தடவை ஒவ்வொரு சட்டை போட்டு நடக்கவிடுகிறார். எண்ணிக்கை 104இலிருந்து 4 ஆனது. கனம் எங்கேயும் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது.

ஜூன் 15, காலை 9.15

ப்ருக்னரை விட்டால் அவருடைய ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். 1877 டிசம்பர் 16, வியன்னா, மூன்றாவது சிம்பொனி. நடத்த வேண்டிய ஹெர்பெக் இறந்துபோனதால் ப்ருக்னரே நடத்தினார். கடைசிப் பகுதி முடியும்போது கொட்டகை கிட்டத்தட்டக் காலி. மிச்சம் இருந்த சிலரில் ஒரு பதினேழு வயதுப் பையன், பேர் குஸ்தாவ் மாலர்.

ஏழாவதின் மெதுவான பகுதியில் உச்சத்தில் ஒரே ஒரு ஜால்ரா அடி. அது ஒட்டுச்சீட்டில் பிறகு சேர்த்தது. அதன்மேல் யாரோ "செல்லாது" என்று எழுதியிருக்கிறார்கள். யார் கை என்று இன்றும் சண்டை. த்வோர்ஷாக்கின் ஒன்பதாவதிலும் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு ஜால்ரா, அதுவும் மெல்ல உரசுவது. அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்து ஒரு தடவை. ஜால்ரா போடுவது சுலபம் என்று யார் சொன்னது?

ஜூன் 17, இரவு 11.45

அவமானக் கதை.

வேலை விஷயமாக ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது. மூன்றாவது பகுதி ஒரு அணிவகுப்பு. பறக்கிறது, முழங்குகிறது, நாலு இடி இடித்து நிற்கிறது. நான் பட்டென்று எழுந்து கைதட்டிவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கை அம்மாள் மட்டும் என் முழங்கையைத் தொட்டு, இன்னும் இருக்கிறது என்பதுபோல ஒரு விரலைக் காட்டினார்.

இருந்தது. கண்டக்டர் கையைக் கீழே போடவே இல்லை. அந்தக் கடைசிப் பகுதி மெதுவானது, அழுகை. காது சுட உட்கார்ந்து மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மேடையில் முதலாம் வயலின்கள் இடது பக்கம், இரண்டாம் வயலின்கள் வலது பக்கம். முதல் மெட்டு இறங்கி வருகிறது. காதில் ஒரே கோடு. ஆனால் வில்லைப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. பிறகு ஸ்கோரைப் பார்த்துத்தான் புரிந்தது: முதல் சுரம் இந்தப் பக்கம், அடுத்த சுரம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் பங்கு போட்டிருக்கிறார். எந்தப் பிரிவும் அந்த மெட்டை வாசிக்கவில்லை. கோணல் மாணலான இரண்டு வரிகள், நடுக் காற்றில் சேர்ந்து ஒரு மெட்டு. அது கேட்பவன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

முடிவில் ஒரே ஒரு காங் அடி, டிரம்போன்கள் தாழ்ந்த குரலில், அப்புறம் செல்லோவும் பேஸும் துடித்துத் துடித்து அடங்குகின்றன. யாரும் கைதட்டவில்லை, வெகுநேரம். 1893 அக்டோபர் 28 அன்று இதை அவரே நடத்தினார். ஒன்பது நாளில் இறந்துவிட்டார்.

இப்போது யோசித்தால் அது என் தப்பு மட்டும் இல்லை. ஐந்தாவதில் பீத்தோவன் எதை நாலாவதாக வைத்தாரோ, அந்த வெற்றி முழக்கத்தை இவர் மூன்றாவதாக வைத்துவிட்டு அதன் பின்னால் இருட்டை வைக்கிறார். கேட்பவன் ஏமாற வேண்டும் என்றே கட்டிய இடம். நூறு வருஷமாகக் கடைசிப் பகுதி ஏறிக்கொண்டே வந்ததே, ஏறி நின்ற உச்சியிலிருந்து முதன்முதலில் இறங்கிக் காட்டியவர் அவர்.

ஜூன் 18, இரவு 10.05

மாலர் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சிம்பொனி ஆறு பகுதி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், முடிவு மெதுவான பகுதி. இரண்டாவதில் முதல் பகுதி முடிந்ததும் குறைந்தது ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்று ஸ்கோரிலேயே எழுதிவைத்தார். மௌனத்துக்கும் ஒரு பங்கு. எட்டாவது 1910 செப்டம்பர் 12 அன்று ம்யூனிக்கில், பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாக மேடையில் ஆயிரத்துக்கு மேல். எஸ்டர்ஹாஸியின் இருபது பேரை நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்குப் பிடித்தது ஒன்பதாவதின் முடிவு. அத்தனை பெரிய குழுவில் கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியம் மட்டும். அதுவும் ஒவ்வொன்றாக அடங்குகிறது. இரண்டு சுரத்துக்கு நடுவே மூச்சு விட பயமாக இருக்கும்.

ஜூன் 19, காலை 6.40

தூக்கத்திலிருந்து எழுந்து எழுதுகிறேன். நேற்று மாலரைப் பற்றி "ஒவ்வொன்றாக அடங்குகிறது" என்று தட்டும்போதே ஏதோ இடறியது.

ஹைடன் 45. இழையின் முதல் குறிப்பிலேயே லீவுக் கதையாகச் சொல்லிவிட்டு, அதைச் சிம்பொனியாக நினைக்கவே இல்லை நான். கோபமான எஃப் ஷார்ப் மைனர், அந்தக் காலத்தில் யாரும் தொடாத சுருதி. அதற்காக ஹார்னில் அரைச் சுரம் இறக்கும் குழாய்த்துண்டு தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது பகுதி வழக்கம்போல வேகமாக ஓடி, முடியப்போகிற இடத்தில் சட்டென்று நிற்கிறது. பிறகு அடாஜியோ, அந்த மெதுவான பகுதி. ஓபோ போகிறது, ஹார்ன் போகிறது, பஸூன், பேஸ், செல்லோ போகின்றன. இரண்டு வயலின், ஒலி அடக்கி மாட்டி, மெல்ல.

கைதட்ட இடமில்லாத முடிவு. வருஷம் 1772. சாய்கோவ்ஸ்கிக்கு 121 வருஷம் முன்னால். முதன்முதலில் இறங்கிக் காட்டியவர் என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள்.

இதை ஒரு லீவு விண்ணப்பத்துக்காக எழுதியிருக்கிறார், தம்பி. தொழிற்சாலையில்.

ஜூன் 19, இரவு 8.30

கேசட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. ப்ளேயர்தான் இல்லை.